பதினோரு பொம்மையும் ஒரு தட்டும்

தட்டின் நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 35, ஆழம் 4. ஜப்பானின் தோக்கோனாமெ ஊர்ச் சூளையில் சுட்ட, மெருகு பூசாத பழுப்பு மண்தட்டு. பழைய சாமான் கடையில் ஓரம் சில்லு தெறித்துக் கிடந்ததால் விலை கைக்கு எட்டியது. இதற்குள் ஒரு ஜப்பானியத் தோட்டத்தை அடக்கி, நவம்பர் 3 பண்பாட்டு நாள் விடுமுறையன்று எங்கள் குடியிருப்பில் நடக்கும் சின்னக் கண்காட்சியில் வைப்பதாக ஆகஸ்ட் மாதமே ஒப்புக்கொண்டிருந்தேன்.

கல், மண், பாசி எல்லாம் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டது. அலங்காரப் பொருளைத் தேர்வு செய்வதற்குத்தான் பத்து வாரம் ஆனது. எதை வாங்கினேன், எதை எடுத்துப் போட்டேன், ஏன் போட்டேன் என்பதுதான் இந்தக் குறிப்பு. தோட்டக்கலை எனக்குத் தொழில் அல்ல. கணினி வேலைக்காக டோக்கியோ வந்து, கிழக்குக் கோடியில் எதோகாவா வட்டாரத்தின் நிஷி-கசாயில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவன். இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி. ரயிலடியிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு பேராவது தமிழில் போன் பேசிக்கொண்டு கடந்து போவார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே பால்கனி முழுவதும் நம் இஷ்டத்துக்கு விட்டதல்ல. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் மெல்லிய தடுப்புப் பலகை ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் அதை உடைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வழியாகத் தப்ப வேண்டும் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது. அது போக எனக்கு மிஞ்சியது ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடும் இடம். காலை வெயில் மட்டும் வரும். கடல் பக்கத்திலிருந்து காற்று பலமாக அடிக்கும். தட்டு 50 சென்டிமீட்டரில் நின்றதற்கு அதுதான் காரணம், அழகியல் ஒன்றும் இல்லை.

வாங்கியது

முதல் வாரமே கடைகளைச் சுற்றிவிட்டேன். நூறு யென் கடை, வீட்டுச் சாமான் பெருங்கடை, இணையம், கோயில் வாசலில் மாதம் ஒருமுறை கூடும் பழம்பொருள் சந்தை. வீட்டு மேசையில் கடைசியாகச் சேர்ந்தவை: 14 சென்டிமீட்டர் உயரத்தில் கசுகா பாணிக் கல்விளக்கு (கல் இல்லை, ரெசின்), சிவப்பு வில்வளைவுப் பாலம், 9 சென்டிமீட்டர் சிவப்புத் தோரி (ஆலய வாசல்), 18 சென்டிமீட்டர் ஐந்தடுக்குக் கோபுரம், மூங்கில் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, கூரை வீடு, தூண்டில் போடும் கிழவர், வெண்கல நாரை ஜோடி, கிமோனோ கட்டிய இரண்டு பெண்கள் ஒரே பீடத்தில், உட்கார்ந்த புத்தர், அப்புறம் ஷிகராக்கி தனுக்கி.

தனுக்கியைத் தெரியாதவர்களுக்கு: ராக்கூன் போன்ற ஒரு விலங்கின் பீங்கான் உருவம். தலையில் ஓலைத் தொப்பி, பெருத்த தொந்தி, ஒரு கையில் சாகே என்ற அரிசி மதுக் குடுவை, மறு கையில் கணக்குப் புத்தகம். ஜப்பானில் பாதி உணவகங்களின் வாசலில் இதுதான் நிற்கும். 1951இல் சக்கரவர்த்தி ஹிரோஹிதோ ஷிகராக்கி ஊருக்குப் போனபோது கையில் கொடி பிடித்த தனுக்கிகளை வரிசையாக நிறுத்தி வரவேற்றார்கள். அதிலிருந்துதான் அதன் புகழ் நாடெங்கும் பரவியது.

பதினொன்றையும் வைத்தேன். இடம் இருந்தது, வைத்தேன். இதற்கு என் ஊர்ப் பழக்கமும் காரணம். நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா போடுவோம். ஆற்று மணலைக் கொட்டி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்க விட்டு, நடுவில் கண்ணாடித் துண்டு வைத்தால் அது குளம். அதில் வாத்து, கரையில் மான், மானுக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய கோழி, ஒரு பிளாஸ்டிக் கார். யாரும் அளவு பார்ப்பதில்லை. கொலு என்றால் அரச சபை. சபையில் கூட்டம் கூடக்கூடத்தான் களை. அந்தக் கையோடுதான் நான் இந்தத் தட்டிலும் இறங்கினேன்.

என் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்தது. மனைவி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னங்க, நினைவுப் பொருள் கடை ஜன்னல் மாதிரி இருக்கே?” என்றாள்.

இந்த ஊரில் ஆள் எவ்வளவு உயரம்?

வட்டாரச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலை போன்கெய் வகுப்பு நடக்கும். தட்டில் நிலக்காட்சி அமைப்பதற்கு அந்தப் பெயர். இதோடு உறவுள்ள சொற்கள் இன்னும் உண்டு. எதோ காலத்திலேயே (1603–1868) பெட்டிக்குள் தோட்டம் அமைப்பது ஹகோனிவா என்ற பெயரில் பொழுதுபோக்காக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கவாமோத்தோ தோஷியோ வகுத்த சைகெய், உயிருள்ள மரக்கன்றையும் கல்லையும் வைத்துச் செய்வது. மனநல சிகிச்சையிலும் ஒரு ஹகோனிவா உண்டு. 57க்கு 72 சென்டிமீட்டர் மணல் தட்டில் நோயாளி தன் விருப்பப்படி பொம்மைகளை வைக்க, மருத்துவர் உடனிருந்து பார்ப்பார். 1965இல் உளவியலாளர் கவாய் ஹயாவோ அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். என் முதல் தட்டை அவரைப் போன்ற ஒருவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

வகுப்பு ஆசிரியர் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரங்களைக் கத்தரித்து வடிவமைத்தவர், எப்போதும் சட்டைப் பையில் அளவு நாடா. ஞானி போலப் பேசும் கிழவரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாதி நேரம் எந்தப் பசை மழையில் விடும் என்பதைப் பற்றித்தான் பேசுவார். என் தட்டை மேலிருந்து பார்த்தார், குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்த ஊரில் ஆள் எவ்வளவு உயரம்? அந்த அளவுக்கு உடைத்து நடுங்கள்.”

என்னால் உடைக்க முடியவில்லை. தூண்டில் கிழவரைப் பார்த்தால் ஓர் அளவு, கிமோனோ பெண்களைப் பார்த்தால் வேறு அளவு, விளக்கைப் பார்த்தால் மூன்றாவது அளவு. வீட்டுக்கு வந்து, தொழில் புத்தி போகாமல், அட்டவணை போட்டேன்.

கிழவர் உட்கார்ந்த நிலையில் 2 சென்டிமீட்டர். உண்மை ஆள் உட்கார்ந்தால் 90 என்று வைத்தால், அவர் உலகம் 45இல் ஒரு பங்கு. நாரை 3 சென்டிமீட்டர். செங்கொண்டை நாரை நின்றால் 1.4 மீட்டர் வரும், ஆக 47இல் ஒரு பங்கு. கிழவரும் நாரையும் தற்செயலாக ஒரே ஊர்க்காரர்கள். மற்றவர்கள் யாரும் அந்த ஊர் இல்லை. 14 சென்டிமீட்டர் விளக்கு கிழவர் கண்ணுக்கு 6.3 மீட்டர், இரண்டு மாடி உயரம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு 2.25 மீட்டர், ஏணி போட்டுத்தான் கை கழுவ வேண்டும். இத்தனைக்கும் அந்தத் தொட்டியின் பெயரான சுகுபாய், ‘குந்துதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. தேநீர் விருந்துக்கு வரும் எந்தப் பெரிய மனிதரும் குனிந்து கை கழுவட்டும் என்றுதான் அதைத் தாழ்வாக வைக்கிறார்கள். தனுக்கி 1.8 மீட்டர், நள்ளிரவில் எதிரே வந்தால் கிழவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுவார். கூரை வீட்டின் முகடு 2.7 மீட்டர், உள்ளே குனிந்துதான் போகலாம். ஐந்தடுக்குக் கோபுரம்? கியோட்டோ தோஜி கோயில் கோபுரம் கிட்டத்தட்ட 55 மீட்டர். அதை 18 சென்டிமீட்டராகச் சுருக்கினால் 300இல் ஒரு பங்கு. கோபுரத்தின் ஊரில் கிழவர் ஒரு பூதம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. விளக்கை நம்பினால் என் தட்டு 7 மீட்டர் நீள நிலம், வீட்டின் பின்கட்டு மாதிரி. கிழவரை நம்பினால் 22 மீட்டர், ஒரு நல்ல குளக்கரை. கூரை வீட்டை நம்பினால் 50 மீட்டர். மண்ணும் கல்லும் பாசியும் அப்படியே இருக்கின்றன. நிலம் எவ்வளவு பெரியது என்பதைப் பொம்மைதான் சொல்கிறது. பாசிக்கும் கல்லுக்கும் தனியாக அளவு கிடையாது. ஒரு கல் பாறையாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். மனிதன் செய்த பொருள் ஒன்று பக்கத்தில் வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பதினோரு பொருள் வந்தால் பதினோரு தீர்ப்பு.

விளக்குக்கு என்ன வேலை

அளவு ஒத்துவராததைக் கழித்ததும் மீதி கிழவரும் நாரையும்தான். ஆனால் விளக்கு இல்லாமல் ஜப்பானியத் தோட்டமா என்று மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சிறிய விளக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று ஆசிரியரைக் கேட்டேன். “இருட்டில் நீங்கள் எங்கே தடுக்கி விழுவீர்கள்?” என்றார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கல்விளக்கு முதலில் தோட்டத்துப் பொருளே அல்ல. கோயிலில் காணிக்கையாக ஏற்றும் விளக்கு அது. நாராவின் கசுகா ஆலயத்தில் கல்லும் வெண்கலமுமாகச் சுமார் 3,000 விளக்குகள் இருக்கின்றன. நான் வாங்கிய உயரமான விளக்கின் பாணிக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஆலயம்தான். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேநீர் விருந்துக் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) காலத்துத் தேநீர்க்காரர்கள், மாலையில் நடக்கும் தேநீர் விருந்துக்கு வருபவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரிக்யூவின் சீடர் ஃபுருதா ஒரிபேயின் (1544–1615) பெயரால் வழங்கும் விளக்குக்கு அடிப்பீடம் கிடையாது. தண்டை நேராக மண்ணில் நட்டுவிடலாம். எவ்வளவு ஆழம் நடுகிறோமோ அவ்வளவுக்கு உயரம் குறையும். கைகழுவும் இடத்தில் வெளிச்சம் சரியாக விழ எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு. இதைவிட நல்ல வடிவமைப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

யுகிமி என்ற ‘பனி பார்க்கும்’ விளக்கு வேறு வகை. குட்டையான கால்கள், அகலக் கூரை. தண்ணீர் ஓரத்தில் நிற்கும், அந்தக் கூரையில் பனி படர்வதுதான் காட்சி. கனசாவா கென்ரோகு தோட்டத்தில் கொதோஜி என்றொரு புகழ்பெற்ற விளக்கு இருக்கிறது. உயரம் 2.67 மீட்டர், கால்கள் இரண்டு மட்டும், ஒன்று தண்ணீரில், மற்றொன்று கரைக்கல் மேல். கொதோ என்ற இசைக்கருவியில் தந்தியைத் தாங்கும் சின்னக் கட்டை அந்த வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். இணையத்தில் விற்கும் குட்டி யுகிமி விளக்குகளை வாங்குபவர்கள் பலரும் அதைச் செடிக்கு நடுவில் வைக்கிறார்கள். பனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாவம் அது என்னத்தைப் பார்க்கும்?

‘என்ன வேலை’ என்று கேட்கத் தொடங்கியதும் மற்ற பொருட்களின் கணக்கும் சீக்கிரம் முடிந்தது. தோரி, ஆலய எல்லையின் வாசல். இதற்கு உள்ளே தெய்வத்தின் இடம் என்று சொல்வது அதன் வேலை. என் தோரிக்கு உள்ளே இருந்தது ஒரு கிழங்குச் செடி. நம் ஊரில் ஒருவர் பலிபீடத்தை வாங்கிப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், இரண்டு நொடி பார்த்துவிட்டுப் போவார்கள். புத்தரையும் இதே காரணத்துக்காகத் தட்டிலிருந்து எடுத்துப் புத்தக அலமாரிக்கு மாற்றினேன். அங்கே அவருக்கு மரியாதை அதிகம்.

பாலத்தின் கதை எனக்கே வெட்கம். அதன் இரண்டு பக்கமும் பாதையே இல்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாசி மேடு. பார்க்க அழகாக இருக்கிறது என்று ஜல்லி ஓடைக்கு மேல் வைத்திருந்தேன், கடந்து போக அல்ல. வளைவுப் பாலத்தின் முதுகு உயர்ந்திருந்தால் அடியில் படகு போக வசதி. சிவப்பு வண்ணம் நிக்கோவின் ஷின்க்யோ போன்ற ஆலயப் பாலங்களுக்கு உரியது. பிரான்சில் ஓவியர் மோனே தன் அல்லிக் குளத்தின் மேல் ‘ஜப்பானியப் பாலம்’ கட்டியபோதுகூடப் பச்சைதான் பூசினார். கடைசியில் உடைந்த கூரை ஓடு ஒன்றிலிருந்து 6 சென்டிமீட்டர் சில்லை எடுத்து ஓடையின் குறுக்கே போட்டேன். இருபக்கமும் பாதைக்கல் பதித்தேன். பாலம் வந்துவிட்டது.

இப்படிப் பழைய பொருளுக்கு வேறு வேலை கொடுப்பதை இங்கே மிதாதே என்பார்கள். தேய்ந்துபோன அரவைக்கல்லை நடைக்கல்லாகப் போடுவது இந்த வழியில்தான். கியோட்டோ தோஃபுகுஜி கோயிலில் 1939இல் ஷிகெமோரி மிரேய் அமைத்த தோட்டத்தில் ஏழு வட்டத் தூண்கற்கள் சப்தரிஷி மண்டலமாக நிற்கின்றன. அவை கோயிலின் பழைய கழிப்பறைக் கட்டடத்தில் மிஞ்சிய கற்கள். பெருக்குமாறு வைத்திருந்த மூலையில் அந்த ஓட்டுச் சில்லைக் கண்டெடுத்தபோது எனக்கு இந்தக் கோயில்தான் ஞாபகம் வந்தது.

கிழவரை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அளவில் அவர்மேல் குற்றம் இல்லை. ஆசிரியர் அவரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “சீனத்து ஆள்” என்று சிரித்தார். சீனாவின் பென்ஜிங் என்ற நிலக்காட்சித் தட்டுகளில் இப்படிப்பட்ட மண் உருவங்களை வைப்பார்கள், ஃபோஷான் அருகே ஷிவான் சூளைகள் அதற்குப் பேர் போனவை. போன்கெயிலும் உருவங்களுக்கு இடம் உண்டு, அதனால் இது சட்டப் பிரச்சினை இல்லை. ஒரு வாரம் அவரை வைத்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் கல்லின் நிழல் பாசிமேல் நீளமாக விழுந்து, ஒன்பது மணிக்குள் சுருங்கும். மழை வந்தால் கல் கறுக்கும், காய்ந்தால் சாம்பல் நிறம். கிழவர் மட்டும் எப்போது பார்த்தாலும் தூண்டிலோடு, மீன் கிடைக்காமல். எட்டாம் நாள் சலித்துவிட்டது. கண் நேராக அவரிடம்தான் போகிறது, போனதும் வேறெங்கும் போவதில்லை. தட்டில் தோட்டம் இல்லை, கிழவர் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். நாரைக்கும் இதே கதி. உண்மைத் தோட்டங்களில் நாரைத் தீவு, ஆமைத் தீவு என்று நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக வைப்பார்கள். பெரும்பாலும் கற்களின் நிலையை வைத்தே காட்டுவார்கள், சிலை தேவைப்படாது.

தயிர் விவகாரம்

தேர்வு ஒருபக்கம் இருக்க, பொருளின் தரத்திலும் சறுக்கினேன். ரெசின் விளக்கு மூன்றே வாரத்தில், காலை வெயிலுக்கே, ஒரு பக்கம் வெளுக்கத் தொடங்கியது. நிஜக் கல்லுக்கு வயது ஏற ஏற அழகு கூடும், ரெசினுக்கு வயது ஏறினால் பிளாஸ்டிக் தெரியும். இதைப் பழசாக்க வேண்டும் என்று இணையத்தில் தேடியதில், கல்மேல் தயிர் பூசினால் பாசி பிடிக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாலு கரண்டித் தயிரைப் பூசிவிட்டுப் படுத்தேன். திங்கட்கிழமை பால்கனிக் கதவைத் திறந்தால் பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பாவை விடுமுறை முடிந்து திறந்தது போல ஒரு வாசனை. பாசி வரவில்லை. வெள்ளைப் பூஞ்சணம் வந்தது, எறும்பு வந்தது. ஒன்பதாவது மாடிக்கு எறும்பு எப்படி வந்தது என்பது தனி ஆய்வு. நிஜக் கல்லில் அந்த வழி பலிக்குமோ என்னவோ, ரெசினில் பலிக்காது.

அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டேன். வெளியில் வைப்பது கல், மெருகில்லாத சுட்ட மண், வெண்கலம் இந்த மூன்றில் ஒன்று. தண்ணீர் தெளித்தால் நிறம் ஆழமாக வேண்டும். கடையில் வாங்கும் முன் ஈர விரலால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். ரெசினில் சொட்டு முத்துப் போல உருண்டு நிற்கும், மண்ணில் உறிஞ்சிக் கறுப்பு வட்டம் விழும்.

இந்தக் கட்டத்தில் தட்டில் ஓட்டுச் சில்லுப் பாலம் தவிர எதுவும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். கியோட்டோ ரியோஆன்ஜி கோயிலின் பாறைத் தோட்டத்தில் 15 கற்களும் வெள்ளைச் சரளையும்தான், ஒரு விளக்குகூட இல்லை. அதே கோயிலில் தேநீர் அறைப் பக்கம் உள்ள தண்ணீர்த் தொட்டியில் நாலு எழுத்துகள் நடுச் சதுரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, ‘போதும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்’ என்ற பொருளைத் தருகின்றன. போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று நம் ஊரில் சொல்வதுதான். பதினொன்று வாங்கியவன் அதைப் பற்றி எழுதக் கூடாது, விடுங்கள்.

ஆனாலும் ஓர் ஆசை விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கியோட்டோவில் கட்சுரா அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஓரிடத்தில் வழிகாட்டியைவிட்டுப் பின்தங்கி நின்றிருந்தேன். கரையிலிருந்து குளத்துக்குள் நாக்கு நீட்டியதுபோலக் கூழாங்கல் பரப்பு. அதன் நுனியில் குள்ளமாக ஒரே ஒரு கல்விளக்கு. அந்த விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் குளம் கடலாகிவிடுகிறது, கூழாங்கல் கடற்கரையாகிவிடுகிறது. விளக்கு, கலங்கரை விளக்கம். 17ஆம் நூற்றாண்டில் யாரோ என் அட்டவணையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். பொருளைச் சிறிதாக்கினால் நிலம் பெரிதாகும். என் தட்டில் எல்லாமே பெரிதாக இருந்ததால்தான் நிலம் சிறுத்துப் போயிருந்தது.

சிறியது தேடி ஓமியா போனேன். 1923 நிலநடுக்கத்தில் இடமிழந்த டோக்கியோ போன்சாய்க்காரர்கள், நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப் போய் 1925இல் உருவாக்கிய குடியிருப்பு அது, சைதாமா மாவட்டத்தில். போன்சாய்க்குப் பக்கத்தில் வைக்கும் தென்பாய் என்ற குட்டி உருவங்களை ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். 3 சென்டிமீட்டரில் ஒரு விளக்கு, மெருகில்லாத சாம்பல் மண், கூரை ஒரு பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது. விலை, நான் முன்பு வாங்கிய பதினொன்றின் மொத்த விலையில் பாதி. கடைக்காரரிடம் கேட்டு ஈர விரல் சோதனையும் செய்துகொண்டேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

கறுப்புக் கூழாங்கற்களை எள்ளுருண்டைக்கு எள் புடைப்பதுபோலச் சலித்து, சிறியதை மட்டும் எடுத்து, தட்டின் இடது முன்மூலையிலிருந்து வெள்ளைச் சரளைக்குள் ஒரு முனையை நீட்டினேன். நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி விளக்கு. சரியாக நுனியில் வைத்தால் விழப்போவதுபோல இருந்தது. பின்னால் இருந்த கல் சட்டென்று மலையாகிவிட்டது. அதை நான் தொடக்கூட இல்லை.

இன்னொரு பொருளைப் பெண் சேர்த்தாள். தேநீர்த் தோட்டங்களில் பாதை பிரியும் இடத்தில், கைக்கடக்கமான ஒரு கல்லைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருப்பார்கள். செகிமோரி-இஷி, காவல் கல். இந்தப் பக்கம் வராதீர்கள் என்று அர்த்தம். கதவும் பூட்டும் இல்லை, தாண்டிப்போக யாராலும் முடியும், யாரும் தாண்டுவதில்லை. பாசி மேட்டுக்குப் போகும் கிளைப்பாதையில் புதுப்பாசி இன்னும் வேர் பிடிக்காமல் இருந்தது. அங்கே ஒன்று வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்தாள். மொச்சைக்கொட்டை அளவு கல், கறுப்புத் தையல் நூல். நூல் வழுக்கியது. மெழுகுவத்தியில் தேய்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஐந்தாவது முயற்சியில் மேலே சின்னக் கைப்பிடி மாதிரி முடிச்சு விழுந்தது. “அப்பா, இதுக்கு அளவு சரியா இருக்கா?” என்று கேட்டாள். விளக்கோடு ஒப்பிட்டால் சற்றுப் பெரிதுதான். நான் அட்டவணையைத் திறக்கவில்லை.

நவம்பர் 3

கண்காட்சியில் ஒன்பது தட்டுகள். எங்களுடையதன் முன்னால் பெரியவர்கள் குனிந்து, தட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அது எனக்குப் போதுமான பாராட்டு. பதினொன்றும் இருந்தபோது, ஆசிரியரைத் தவிர எல்லோரும் நின்றபடியே மேலிருந்துதான் பார்த்தார்கள். கீழ்வீட்டு மூன்று வயதுப் பையன் காவல் கல்லைத் தூக்கி வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தான். தாண்டிப் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள், தூக்கக் கூடாது என்று அதில் எழுதவில்லை.

என் கணக்குக்கு அடங்காத ஒன்றையும் அன்று பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்துப் பாட்டி ஒருவரின் தட்டில் பாசி மேடும் அதன் உச்சியில் ஒரு பெரிய தனுக்கியும் மட்டுமே. என்னுடையதைப் போல மூன்று மடங்கு பெரிது. எந்த அளவுக் கணக்கிலும் அது தவறு. ஆனால் மலையைக் காலடியில் வைத்துக்கொண்டு தொந்தியோடு வானம் பார்க்கும் அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒப்பிட வேறு மனிதப் பொருள் எதுவும் இல்லாததால் அங்கே சண்டைக்கு ஆள் இல்லை. பூதம் என்றால் பூதம், அவ்வளவுதான். ஆசிரியரும் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். அளவு நாடா சட்டைப் பையிலேயே இருந்தது.

எங்கள் தட்டு பனிக்காலத்தைத் தாண்டியது. பிப்ரவரியில் ஒருநாள் விளக்கின் கூரைமேல் அரைச் சென்டிமீட்டர் பனி படிந்திருந்தது. அதை யுகிமி என்று சொல்ல ஆசைதான், கூரை வகை வேறு. அடுத்த செப்டம்பர் சூறாவளிக்கு முன் தட்டை வீட்டுக்குள் கொண்டுவரும்போது ஓட்டுச் சில்லுப் பாலம் இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு போதுமான நீளம் இருந்தது.

பதினொன்றும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. நவராத்திரிக்கு வரவேற்பறையில் ஐந்து படி கொலு வைத்தபோது மனைவி அந்தப் பெட்டியையும் திறந்தாள். நாரைகள் பூங்காக் கண்ணாடிக் குளத்துக்குப் போயின. கிழவரும் அதே குளத்தில்தான் தூண்டில் போடுகிறார். பாலத்துக்கு இருபக்கமும் கடுகு முளைத்தது. மளிகைக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், அதே தொந்தியும் கையில் கணக்குப் புத்தகமுமாக, தனுக்கி. வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமி ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இவர் யாரு, செட்டியாரோட பங்காளியா?” என்று கேட்டார்.